அந்த இரவில் அப்பாவைத் தூக்கியது யார்?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்:

எனக்கு வயது 56. ஜாஃபர்கான்பேட்டையில் இருக்கிறேன். 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் புகுந்தபோது, நடக்க முடியாத நிலையில் இருந்த அப்பாவை நானும் எதிர்வீட்டு அண்ணாச்சியும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கிச் சென்றோம். தம்பி அன்று திருச்சியில் இருந்தான். மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தான். அப்பா 2018-இல் காலமானார். கடைசி ஒரு வருடம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நானும் தம்பியும்தான் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவோம். சென்ற மாதம் அப்பாவின் திதியன்று உறவினர் எல்லார் முன்னிலையிலும் தம்பி, வெள்ளத்தன்று அப்பாவைத் தான் தூக்கியதாகவும், "டேய், மெதுவாடா" என்று அப்பா சொன்னதாகவும், மொட்டைமாடியில் வைத்து "இந்த வீட்டை வித்துடாதீங்க" என்று கேட்டுக்கொண்டதாகவும் கண்கலங்கச் சொன்னான். கோபத்தில் பழைய டைரியைத் தேடி எடுத்தேன். டிசம்பர் 5-ஆம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இப்படி இருந்தது: "மாடி வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் அப்பாவை பெட்ஷீட்ல தூக்கினாங்க. நான் டார்ச் பிடிச்சேன்." நாற்காலியும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை, தூக்கியது நானும் இல்லை. ஆனால் அந்த நாற்காலியின் கை என் உள்ளங்கையில் அழுத்தியது இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. தம்பி பொய் சொல்கிறானா? அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் வந்த மறதி எனக்கும் வந்துவிட்டதா?

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது அது தம்பியைப் பற்றிய புகாராகத் தெரிந்தது. மறுபடி படித்தபோதுதான், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது தம்பியின் பேச்சைவிட டைரியில் இருந்த அந்த இரண்டு வரிகள்தான் என்று புரிந்தது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதில் மறதி நோயின் சாயல் எனக்குத் தெரியவில்லை. அந்த நோய் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் தடுமாறுவது அண்மைக்கால நினைவு: காலையில் கேட்டதையே மதியமும் கேட்பது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, இத்தனை காலம் தானே பார்த்துவந்த வங்கிக் கணக்கில் திணறுவது, இவற்றை வீட்டில் இருப்பவர்கள் கவனித்துச் சொன்னாலும் தனக்கு உறைக்காமல் இருப்பது. பல ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவின் விவரத்தை மாற்றி நினைவில் வைத்திருந்ததைத் தானே ஆவணம் தேடிக் கண்டுபிடித்து, மூன்று பக்கங்களுக்குக் கோவையாக எழுதி அனுப்புவது அந்த நோயின் போக்கு அன்று. எனினும் கடிதத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் இல்லை என்று எழுதிக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அம்மாவின் வரலாறு உங்களை அரித்துக்கொண்டே இருந்தால், ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். அவற்றில் குறை இருந்தாலும் நினைவு மந்தமாகும், அவை சரிசெய்யக்கூடியவை.

இனி, அந்த நாற்காலிக்கு வருகிறேன். அதற்கு முன் என் சொந்த அசடு ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். அந்த வெள்ளத்தின்போது நான் மயிலாப்பூரில் இருந்தேன். மறுநாள், அதாவது டிசம்பர் 2 காலை, மின்சாரம் இல்லாத வீட்டின் படிக்கட்டில் உட்கார்ந்து, சைதாப்பேட்டைப் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆற்றின் படத்தை 'தி இந்து' ஆங்கில நாளிதழின் முதல் பக்கத்தில் பார்த்தேன் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். காகிதத்தின் ஈரம்கூட விரலில் நினைவிருந்தது. மாணவர்களிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது, ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தி, அந்த நாளிதழ் அன்று சென்னையில் அச்சாகவே இல்லையே என்றார். அவர் சொன்னது சரி. அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததால், 1878-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை அன்றைக்கு முதன்முறையாக வெளிவரவில்லை. பிறகு வந்த ஏதோ ஓர் இதழின் படத்தை, டிசம்பர் 2-ஆம் தேதியின் படிக்கட்டில் என் மனம் கொண்டுபோய் வைத்திருக்கிறது. நினைவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது என்பதை உங்களிடம் மறைப்பதற்கில்லை.

இந்த வகைத் தவறு செய்தவர்களில் எனக்கு நல்ல துணை உண்டு. உல்ரிக் நைசர் என்ற அமெரிக்க உளவியலாளர், சிறுவனாக இருந்தபோது 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தியை, வானொலியில் பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனைக்கு இடையே கேட்டதாக நெடுங்காலம் நம்பியிருந்தார். டிசம்பர் மாதத்தில் அங்கே பேஸ்பால் ஆட்டமே கிடையாது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அவரே பின்னாளில் நிக்கோல் ஹார்ஷ் என்பவருடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறிய மறுநாள், அந்தச் செய்தியை எங்கே, யாரிடம், எப்படிக் கேட்டீர்கள் என்று எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து அதே மாணவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் முக்கிய விவரம் ஒன்றுகூடப் பழைய பதிலோடு ஒத்துப்போகவில்லை. அவர்களில் பலர் தங்கள் பதிலில் முழு உறுதியோடு இருந்தார்கள். உங்களை நினைத்து நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது அதற்குப் பிறகு நடந்தது: அவர்கள் முதல்நாள் எழுதிய தாளையே எடுத்துக் காட்டியபோது, கையெழுத்து தங்களுடையதுதான், ஆனால் நடந்தது அப்படி இல்லை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். டைரியைப் பார்த்தபின்னும் உங்கள் உள்ளங்கை நாற்காலியை விடமாட்டேன் என்கிறதே, அது இதுதான்.

ஏன் இப்படி? நினைவு என்பதைப் பரண்மேல் போட்டுவைத்த பெட்டி போலத்தான் நாம் எல்லாரும் எண்ணுகிறோம். தூசு படியலாம், கரையான் அரிக்கலாம், ஆனால் இருப்பது பழைய பொருள்தான் என்பது நம் நம்பிக்கை. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பிரடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டுக்கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, சில நாள் கழித்தும் மாதக்கணக்கில் கழித்தும் திருப்பிச் சொல்லச் சொன்னார். கதை சுருங்கியது, மரத்தோணி சாதாரணப் படகானது, சீல் வேட்டைக்குப் போனவர்கள் மீன்பிடிக்கப் போனார்கள், கேட்பவருக்குப் பிடிபடாத ஆவிகள் மெல்ல மறைந்தன. மறந்துபோன இடங்களை அவர்கள் வெறுமையாக விடவில்லை. தங்கள் ஊரில், தங்கள் வாழ்க்கையில் எது பொருந்துமோ அதை வைத்து, தாங்கள் அறியாமலே நிரப்பினார்கள்.

மூளையில் நடப்பதும் ஏறத்தாழ அதுவே. ஒரு நிகழ்ச்சியின் காட்சியும் ஓசையும் தொடுவுணர்வும் அச்சமும் வெவ்வேறு பகுதிகளில் தடம் பதிக்கின்றன. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அவற்றை ஒன்றோடொன்று முடிந்துவைக்கிறது. நினைவுகூரும்போது அந்த முடிச்சைப் பிடித்து இழுத்து, சிதறிய தடங்களிலிருந்து நிகழ்ச்சியை மறுபடி கூட்டவேண்டியிருக்கிறது. எந்தத் தடம் எந்த நாளுக்கு உரியது என்பதற்கு அதன்மேல் தேதி முத்திரை கிடையாது. இன்னொன்றும் உண்டு. மார்கழிக் கச்சேரிகளுக்குப் போகும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள்: ஒரே கீர்த்தனையை இருபது வருடம் பாடிவரும் வித்வானிடம், குருவிடம் பாடம் கேட்டபோது இல்லாத ஒரு சங்கதி, அதாவது ஒரு வரியைச் சற்று மாற்றிப் பாடும் வகை, எப்போதோ ஒட்டிக்கொண்டிருக்கும்; எப்போது ஒட்டியது என்று கேட்டால் அவருக்கே தெரியாது, அதுதான் பாடாந்தரம், குருவழி வந்த பாடம் என்பார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நினைவு அப்படித்தான் திரும்பப் பாடப்படுகிறது. கடைசியாகப் பாடியதுதான் அடுத்த முறைக்கு மூலம்.

இது வெறும் உவமை என்று நினைக்கவேண்டாம். கரீம் நாடர், கிளென் ஷாஃப், ஜோசப் லெடூ ஆகிய மூவரும் 2000-ஆம் ஆண்டில் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், ஓர் ஒலியைக் கேட்டால் மின் அதிர்ச்சி வரும் என்று எலிகளுக்குப் பழக்கி, பிறகு அந்த ஒலியை ஒருமுறை மட்டும் கேட்கவைத்து, உடனே மூளையில் அச்சத்தைக் கையாளும் பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். பழைய பயம் பெருமளவு போய்விட்டது. ஒலியைக் கேட்கவைக்காமல் மருந்தை மட்டும் செலுத்தியபோது பயம் அப்படியே இருந்தது. அதாவது, எடுத்துப் பார்க்கப்பட்ட நினைவு சற்று நேரம் இளகிய நிலையில் இருந்து, மறுபடி இறுகவேண்டியிருக்கிறது. எலியின் பயத்திலிருந்து மனிதரின் குடும்பக் கதைக்கு நேர்கோடு போட்டுவிட முடியாது என்றாலும், அடிக்கடி எடுத்துப் பார்ப்பதால் நினைவு கெட்டிப்படும் என்ற நம் எண்ணம் பாதிதான் சரி என்பதை அது காட்டுகிறது.

இப்போது உங்கள் நாற்காலி. அது பொய் என்று நான் நினைக்கவில்லை; அது வேறொரு நாளைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். கடைசி ஒரு வருடம் அப்பாவை ஆட்டோவில் ஏற்றியதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எதில் உட்காரவைத்துத் தூக்கினீர்கள் என்று எழுதவில்லை. அது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியாக இருந்திருந்தால், உங்கள் உள்ளங்கையில் பதிந்த அழுத்தம் ஒருமுறை அல்ல, பல முறை உண்மையாகவே நடந்தது. அதே அப்பா, அதே வீடு, அதே பதற்றம். வெள்ள இரவைப் பற்றி ஆண்டுதோறும் சொல்லும்போது, கையில் அதிகம் பதிந்திருந்த தூக்குதல் வந்து அங்கே உட்கார்ந்துகொண்டிருக்கலாம். எதிர்வீட்டு அண்ணாச்சியும் அன்றைய தினங்களில் ஏதாவது உதவி செய்திருக்கக்கூடும். இது என் ஊகம்தான். உங்கள் வீட்டில் நடந்ததை நானும் உங்கள் கடிதத்தின் துணுக்குகளை வைத்துக் கூட்டிப் பார்க்கிறேனே தவிர, கூடத்தில் நின்று பார்க்கவில்லை.

இதே கணக்கைத் தம்பிக்கும் போட்டுப் பாருங்கள். "டேய், மெதுவாடா" என்பது தன்னைத் தூக்கிச் செல்லும் மகனிடம் ஒரு தகப்பனார் சொல்லக்கூடிய சொல். அதை அவர் கேட்டிருப்பார். ஆட்டோ அருகே, ஒருவேளை பல முறை. வெள்ள இரவின் கதையை அவர் உங்கள் வாயிலிருந்தே எத்தனை தடவை கேட்டிருப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கேட்கும்போது மனக்கண்ணில் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தது பழகிப்போனால், பார்த்ததா கேட்டதா என்ற வேறுபாடு தேய்ந்துவிடும். 2001-இல் ஷீன், கெம்ப், ரூபின் ஆகியோர் வெளியிட்ட ஓர் ஆய்வு, வளர்ந்த இரட்டையர்களிடம் இதைக் கண்டது: சிறுவயதில் நடந்த ஒரே சம்பவத்தை, அது தனக்குத்தான் நடந்தது என்று இருவருமே உண்மையாக நம்பி வாதிட்டார்கள். இரட்டையரல்லாத உடன்பிறப்புகளிடமும் நண்பர்களிடமும்கூட இது உண்டு, குறைந்த அளவில். திருச்சியில் மாட்டிக்கொண்டு, மூன்று நாள் வந்துசேர முடியாமல் தவித்த ஒரு மகன், அந்த இரவில் தான் இருந்திருக்க வேண்டும் என்று எத்தனை முறை எண்ணியிருப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆகவே அவர் பொய் சொல்கிறாரா என்ற கேள்விக்கு என் பதில்: அவர் கண்கலங்கியது நடிப்பாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. தெரிந்தே சொன்னாரா என்பதைக் கண்ணீரையோ, விவரங்களின் துல்லியத்தையோ வைத்து என்னாலும் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கும் நாற்காலி அவ்வளவு துல்லியமாகத்தானே இருந்தது?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நினைவு பிசகக்கூடியது என்ற செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, அடிபட்டவர்களிடம் "அதெல்லாம் உன் கற்பனை" என்று வாயடைப்பவர்களை என் அறையில் நிறையப் பார்க்கிறேன். அது இந்த அறிவியலைத் தலைகீழாகப் படிப்பது. பிசகுவது பெரும்பாலும் ஓரங்கள்: எந்தத் தேதி, யார் அருகில் இருந்தார், என்ன வார்த்தை, எந்த நாற்காலி. நடுப்பகுதி பெரும்பாலும் நிற்கிறது. வெள்ளம் வந்தது, அப்பாவை மேலே கொண்டுபோனார்கள், நீங்கள் அவர் பக்கத்தில் இருந்தீர்கள், தம்பி ஊரில் இல்லை. இவை நான்கும் உங்கள் நினைவிலும் இருக்கின்றன, அந்த டைரியிலும் எதுவும் இவற்றை மறுக்கவில்லை. தம்பி திருச்சியில் இருந்ததற்கு அவருடைய அலுவலக வருகைப் பதிவு, பேருந்துச் சீட்டு போன்றவை இருந்திருக்கக்கூடும். ஆனால் அவற்றைத் தேடி எடுத்து அவர் முன்னால் விரிக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

வீட்டை விற்பதைப் பற்றிய பேச்சு வேறு விஷயம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், வீட்டை விற்க நீங்கள் நினைத்திருந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். மொட்டைமாடியில் அப்பா சொன்னதாகக் கூறப்படும் சொல், சொன்னவரே அங்கு இல்லை என்றால், எங்கிருந்து வந்தது என்று நீங்கள் பதைப்பது நியாயமே. ஆனால் சொத்து யாருக்கு எவ்வளவு என்பதை உயிலும் பத்திரமும் வாரிசுச் சட்டமும் தீர்மானிக்கட்டும். அதற்கு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், என்னை அல்ல. ஒன்று மட்டும் சொல்லலாம்: மனித நினைவின் இந்தக் குணத்தைச் சட்டம் உளவியல் ஆய்வுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. சாட்சி சொல்பவர், சம்பவம் நடந்தபோதோ, நினைவு பசுமையாக இருந்த காலத்திலோ தானே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 159-ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. நான்கு நாளில் எழுதிய டைரி, ஆண்டுகள் கழித்து எழும் நினைவைவிட நம்பத்தக்கது. அதற்காக அது முழுமையானது என்று ஆகாது. களைத்துப்போன ஒரு பெண் ஈர வீட்டில் உட்கார்ந்து எழுதிய இரண்டு வரிகளில் அந்த இரவு முழுவதும் அடங்கியிருக்காது.

தம்பியிடம் எப்படிப் பேசுவது? திதி வீட்டில், உறவினர் நடுவில், டைரியோடு போய் நிற்காதீர்கள். தனியாக இருக்கும்போது, வெள்ளத்தை விட்டுவிட்டு, அப்பாவை ஆட்டோவில் ஏற்றிய நாட்களைப் பற்றிப் பேச்செடுங்கள். அப்பா என்ன சொல்வார், எங்கே வலிக்கிறது என்பார், எதற்கு உங்களைத் திட்டுவார் என்று அவரையே சொல்லவிடுங்கள். "மெதுவாடா" அங்கே தானாக வந்து நின்றால், உங்கள் இருவருக்குமே பாதி விடை கிடைத்துவிடும். பிறகு உங்கள் டைரிப் பக்கத்தைக் காட்டலாம். அவர் தவறைக் காட்டுவதற்கு முன், நீங்கள் தூக்கவில்லை, டார்ச் பிடித்தீர்கள் என்ற வரியை முதலில் காட்டுங்கள்.

கடைசியாக, மாடி வீட்டுப் பையன்கள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கண்டுபிடிக்க முடிந்தால் பேசுங்கள். ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு கார்கள் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் சொல்லைக் கேட்ட 50 பேரில் 7 பேரும், இரண்டாவது சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆகவே அவர்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைக்காமல் தனித்தனியே கேளுங்கள். "நீங்கதானே பெட்ஷீட்ல தூக்கினீங்க?" என்று தொடங்காதீர்கள். "அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சு, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை குறுக்கே ஒரு சொல்லும் சொல்லாமல் இருங்கள். கேட்டதை அன்றைக்கே, தேதி போட்டு, அந்த டைரியின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.